பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் மீனாளுக்கு ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் நலம்.

ஜூனில் பெங்களூரை விட்டு வந்ததும் சின்னவளை ஆறாம் வகுப்பில் பெண்கள் பள்ளியில் போடுவதா, இருபாலர் பள்ளியிலா என்று கேட்டிருந்தாய். பள்ளி வாசல் போர்டில் பெண்கள் என்றா, இருபாலர் என்றா எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

பெண்கள் பள்ளியில்தான் ரிசல்ட் வரும் என்று சொந்தபந்தங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பல இடங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கித்தான் சேர்க்கிறார்கள். அக்கறையுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அங்கேயே போகிறார்கள். 2014-ல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தப் பொறுக்கலைக் கணக்கில் கொண்ட ஆய்வுகளில் வித்தியாசம் சொற்பமாகத்தான் இருந்தது. சியோலில் 1974 முதல் குலுக்கல் முறையில் பள்ளி ஒதுக்கினார்கள். அங்கே ஒருபால் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வில் சற்று மேலே வந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது. இந்த வாதம் இன்னும் தீரவில்லை, நீ அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டியது பிளஸ் ஒன் குரூப். ஆறாம் வகுப்புக்கு இப்போதே எதற்கு என்பாய். பத்து முடித்ததும் கேட்ட குரூப்பை முதலில் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்துக்குத்தான் வெளியாட்களைக் கூப்பிடுவது வழக்கம். சில பெண்கள் பள்ளிகளில் காமர்ஸும் தொழிற்கல்வியும் இருக்கும், கணக்கு-கம்ப்யூட்டர் குரூப் இருக்காது. குரூப் இருந்தாலும் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும். 'குரூப் இருக்கிறதா' என்று கேட்காதே, 'இப்போது அதை எடுப்பவர் யார்' என்று கேள்.

அடுத்தது லேப். பிளஸ் டூ செய்முறை நடக்கும் நேரமாகப் பார்த்துப் போ. பெர்மாங்கனேட் டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) என்றால் பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60-70 டிகிரிக்குச் சூடாக்கி, அடியில் திருகு வைத்த ப்யூரெட் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிறிய இளஞ்சிவப்பு மறையாமல் நின்றால் முடிவு. அமிலம் போதாவிட்டாலோ, சூடு ஆறினாலோ, திருகை அவசரமாகத் திறந்தாலோ பழுப்பாகக் கலங்கிவிடும். கையில் பிடித்துப் பழகினால்தான் வரும். இருபாலர் பள்ளியில் ஒரு ப்யூரெட்டுக்கு மூன்று பேர் என்றால் பையன் திருகைப் பிடிப்பான், பெண் நோட்டில் அட்டவணை போடுவாள். தேர்வில் தனியாக நிற்கும்போது அவள் கை நடுங்கும். பெண்கள் பள்ளியில் திருகு அவள் கையில்தான். ஆனால் அங்கே லேபே பூட்டிக் கிடக்கலாம். மேசையில் தூசி இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்.

காலை இண்டர்வெலில் கழிப்பறைப் பக்கமும் போய் நில். 40 பேருக்கு ஒன்று என்பது அரசுக் கைப்புத்தகம் சொல்லும் அளவு. 600 பெண்கள் என்றால் 15 வேண்டும். பத்து நிமிஷத்தில் வரிசை கரையவில்லை என்றால் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும், பாட்டில் போனபடியே வீடு திரும்பும். குழாயில் தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, மூன்றும் இருக்கட்டும்.

பையன்களோடு ஒரு பெஞ்சில் உட்காராமலே பள்ளியை முடித்து, பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரியில் டிகிரியும் வாங்கிவிடலாம் என்கிறாள் உன் சின்னத்தா. வாங்கலாம்தான், அதில் தப்பில்லை. சின்னவள் அழகப்பா பொறியியல் கல்லூரிக்குப் போக நினைத்தால் பையன்களோடு அங்கே பழகிக்கொள்வாள். அதைவிட, இருபாலர் என்று பெயர் வைத்துக்கொண்டு பையனோடு பேசினால் நோட்டீஸ் விடும் பள்ளிதான் எனக்குப் பிடிக்காது. யாராவது தொந்தரவு செய்தால் புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும் என்று, நீ பார்க்கப் போகும் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையிடமே கேட்டுப் பார். சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருந்தால் மட்டும் போதாது.

என் கணக்கு: பத்து வரை வீட்டுக்குப் பக்கத்தில், ஆசிரியர் நிறைந்த பள்ளி, அது எதுவானாலும். இரண்டும் சமமாக இருந்தால் எட்டாவது வரைக்கும் இருபாலர் என்பேன்.

டி.சி. வாங்கும்போது ஆதார் பெயரும் டி.சி. பெயரும் ஓரெழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பார். பெங்களூரில் தமிழ் எடுக்காத பிள்ளை அவள்; இங்கே பத்தாவது வரை தமிழ் கட்டாயம். எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறதா என்று உடனே எழுது, அப்பச்சி சிலேட்டு வாங்கி வைத்துவிட்டார்.

ஆத்தா