தாராவிச் சுவரும் ஆரே மரங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பை வெக்கையைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பழி முழுவதையும் தாமதமாக வரும் கடல்காற்றின் மேல் போட்டிருந்தீர்கள். அது பாதிதான்.

நாற்பது வருடமாகத் தாராவிவாசி நான். ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தால், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி கதகதவென்று இருக்கும். பகலெல்லாம் சிமெண்டு குடித்த வெயிலை இருட்டிய பிறகு மெல்லக் கக்குகிறது. போதாததற்கு ஏ.சி. பெட்டிகள் வேறு, சந்துக்குள் அனலை ஊதுகின்றன.

மகள் வீடு கோரேகாவில். மரோலிலிருந்து ஆட்டோவில் ஆரே காட்டு வழியாகப் போகும்போது, மரங்கள் தொடங்கியதுமே முதுகு வியர்வை ஜில்லென்று ஆகிவிடும். வெறும் நிழல் மட்டுமல்ல காரணம். வேர் உறிஞ்சிய தண்ணீரை இலைகள் ஆவியாக்கும்போது சுற்றுப்புறச் சூடும் அதோடு போகிறது. அங்கேதான் 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக 2,000க்கும் அதிகமான மரங்களைச் சாய்த்தார்கள். பதிலுக்கு வேறெங்கோ கன்று நட்டால் ஆரேக்கு என்ன குளிர்ச்சி?

மழையும் இங்கே இடத்துக்கு இடம் மாறுகிறது. 2005 ஜூலை 26 மழையில் சாந்தாக்ரூசில் 944 மி.மீ., கொலாபாவில் 73 மி.மீ. அளவுதான். அதற்குக் கட்டடங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மும்பைக்கு ஒரே வானிலை என்று எழுதாதீர்கள். சாந்தாக்ரூஸ், கொலாபா என்ற இரண்டு வானிலை நிலையங்களின் இரவு வெப்பநிலையையும் தினமும் தனித்தனியே போடுங்கள். எங்கள் தூக்கம் கெடுவது அந்த எண்ணில்தான் தெரியும்.

– ஒரு வாசகர், தாராவி, மும்பை