பெயர்ப்பலகை ஒட்ட முடியாத செலவுகள்

அன்புள்ள சபேசா,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எங்கள் வாழ்த்தைச் சொல். மற்ற சமாச்சாரம் அப்புறம். முதலில் உன் கேள்வி.

கடல் கடந்து இருந்துகொண்டு ஒரு நாட்டின் ஓபரா அரங்கத்தை மீட்டெடுக்க நிதி திரட்டும் தன்னார்வக் குழுவில் சேர்ந்திருக்கிறாய். பணம் கொடுப்பவர் பெயரை இருக்கையில் பொறிக்கும் 'நாற்காலிக்கு ஒரு பெயர்' திட்டமும் போட்டுவிட்டீர்கள். எங்கே இடறுவோம் என்று கேட்கிறாய். நாற்காலிக்கு எப்படியும் பணம் வந்துவிடும். யார் பெயரையும் பொறிக்க வழியில்லாத வேலைகளுக்குத்தான் வராது. அரங்கங்கள் அழிவதும் பெரும்பாலும் அந்த வேலைகளில் கை வைக்காததால்தான்.

செக் நாட்டின் பிராக் தேசிய அரங்கத்தைப் பார். 1868 மே 16 அன்று அஸ்திவாரம் போட்டபோது நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கற்கள் வந்தன. சிகாகோவில் குடியேறிய செக் மக்களும் ஒரு கல் அனுப்பினார்கள், 'ரத்தம் இணைத்ததைக் கடல் பிரிக்காது' என்ற பொருளில் வாசகம் பொறித்து. 1881 ஜூன் 11-இல் செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'லிபுஷே' ஓபராவோடு திறப்பு. ஆகஸ்ட் 12-இல் எரிந்துபோயிற்று. கூரைமேல் வேலை பார்த்தவர்களின் அசட்டையே காரணமாகக் கொள்ளப்பட்டது. 47 நாளில் பத்து லட்சம் குல்டன் (அந்த நாளைய நாணயம்) வசூலாகி, 1883 நவம்பர் 18-இல் மறுபடி திறந்தார்கள். எல்லோரும் வியப்பது அந்த 47 நாளை. நீ கவனிக்க வேண்டியது அந்தக் கூரையை.

பார்சிலோனாவின் லிசெயு ஓபரா அரங்கம் 1994 ஜனவரி 31 அன்று எரிந்தது, மேடையின் தீத்தடுப்புத் திரையைப் பழுதுபார்த்தபோது பறந்த வெல்டிங் பொறியில். தீயைத் தடுக்க வைத்த திரையிலிருந்தே தீ! வெனிஸின் லா ஃபெனீச்சே ஓபரா அரங்கம் ஏறக்குறைய ஈராண்டு கழித்து, 1996 ஜனவரி 29 இரவில். அதுவும் புதுப்பிப்பு வேலையின் நடுவே. வேலை தாமதமானதற்கு அபராதம் கட்ட வேண்டிய நிலையில் இருந்த இரண்டு மின்பணியாளர்கள் வைத்த தீ என்று பின்னால் தீர்ப்பாயிற்று. பக்கத்துக் கால்வாய்களில் தூர் வார நீரை இறைத்துவிட்டிருந்ததால் தீயணைப்புப் படகுகள் நெருங்க முடியவில்லை. தண்ணீருக்கு நடுவே இருக்கிற ஊரில், தண்ணீர் எட்டாமல் ஓர் அரங்கம் சாம்பலானது.

ஆகவே நீங்கள் கொடுக்கும் முதல் பணம் தீக்காவலுக்குப் போகட்டும். வெல்டிங், கட்டிங், ஈயப் பற்று, கூரையில் தார் உருக்குவது எதுவானாலும் ஷிப்டுக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடிய பொருள் கூடாது. அகற்ற முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையால் மூட வேண்டும். தரையிலும் சுவரிலும் உள்ள துளைகளையும் அடைக்க வேண்டும், ஏனென்றால் பொறி கீழ்த்தளத்தில் விழுந்து மெதுவாகப் புகையும். பக்கத்தில் தீயணைப்பானோடு ஒருவர் நிற்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருக்க வேண்டும். வேலைத்தளம் மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே நெருப்பு வேலையை நிறுத்திவிட்டால் இது தானாக நடக்கும்.

புகை உணர்விகளில்தான் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள். மரத்தூளும் சிமெண்டுத் தூசியும் பட்டால் அவை பொய்யாக அலறும், அதனால் பகலில் மூடி போட்டுவைப்பார்கள். மாலையில் கழற்ற மறந்தால் இரவு முழுக்கக் கட்டடம் குருடு. எத்தனை மூடி போட்டோம், எத்தனை கழற்றினோம் என்று ஒரு நோட்டில் எண்ணிக் கையெழுத்துப் போட வைத்தால் போதும். காவலுக்கு ஆள் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்காதே: ஒரே ஒரு இடத்தில் இரவு பகலாக ஆள் நிற்க வாரத்துக்கு 168 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு 40 மணி என்றால் நாலு பேர் போதாது, விடுப்பையும் சேர்த்தால் ஐந்து பேர். இதற்கு எந்தக் கொடையாளரும் தாமாக முன்வர மாட்டார், நீதான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, பதிவு. லா ஃபெனீச்சேயை 'எப்படி இருந்ததோ அப்படியே, இருந்த இடத்திலேயே' கட்டுவதென்று முடிவாயிற்று. சொல்வது சுலபம், எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே! இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்டி அந்த அரங்கத்துக்குள்ளேயே எடுத்த 'சென்சோ' படத்தின் தொடக்கக் காட்சியைக்கூட ஆதாரமாகப் பார்த்தார்கள். அதிர்ஷ்டவசமாக, தீக்குச் சில மாதம் முன்பு ஒலியியல் ஆய்வாளர்கள் உள்ளே அளவெடுத்து வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த ஒலி எப்படி இருந்தது என்பதற்கு நினைவு மட்டுமே சாட்சி.

இந்த அளவீடு பெரிய செலவே இல்லை. எல்லாத் திசையிலும் ஒலி பரப்பும் பன்னிருமுக ஸ்பீக்கர் ஒன்று, மைக்குகள், ஒரு கணினி, ஏசியை நிறுத்திய ஒரு முழு இரவு. ஒலிமூலத்தை மேடையில் இரண்டு இடத்திலும் மேடைக்கு முன்னே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் ஓரிடத்திலும் வைத்து, கீழ்த்தளம், பெட்டி இருக்கைகள், மேல்மாடம் என்று பல இடங்களில் பதிவுசெய்வார்கள். திரை ஏறியிருந்ததா, மேடையில் செட் நின்றதா என்று எழுதிவைக்காவிட்டால் அந்த எண்கள் பின்னால் உதவாது.

வெளிநாட்டிலிருந்தே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று, சுற்றுலா போனவர்களின் பழைய புகைப்படங்களைச் சேகரிப்பது. யார் எடுத்தது, எந்த ஆண்டு, எந்த இருக்கையிலிருந்து என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு வேண்டும். பழைய வண்ணப்படங்களை நம்பி நிறத்தை மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். ஃபிளாஷ் வெளிச்சம் தங்க ரேக்கை வெளுக்கடிக்கும், பழைய சாயம் வெளிறிச் சிவப்பேறும். அலங்காரத்தின் வடிவத்துக்கு அவை நல்ல சாட்சி, நிறத்துக்கு அல்ல.

அலங்காரம் எந்தப் பொருளில் என்பதும் முக்கியம். இத்தாலிய அரங்கங்களின் உள்ளலங்காரத்தில் மரமும் காகிதக்கூழும் நிறைய. மெல்லிய மரப்பலகை கீழ் சுருதிகளில் தானும் அதிர்ந்து கொஞ்சம் விழுங்கும், கான்கிரீட் அப்படியே திருப்பி அடிக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காதுக்கு அது வேறு அரங்கம். "தீப்பிடிக்காத பொருளிலேயே எல்லாம் செய்யுங்கள்" என்று நிபந்தனை போடும் கொடையாளர் நல்லெண்ணத்தில் அரங்கத்தின் குரலையே மாற்றிவிடுவார். மரமே இருக்கட்டும். தீத்தடுப்புப் பூச்சும், நீர் தெளிப்பானும், பலகைக்குப் பின்னே வெற்றிடத்தைத் துண்டு துண்டாக அடைக்கும் தடுப்புகளும் சேர்ந்தால் சமாளிக்கலாம்.

இப்போது உன் நாற்காலி. ஓபரா அரங்கத்தில் ஒலியை அதிகம் உறிஞ்சுவது ஆட்களும் இருக்கைகளும்தான். சொகுசுக்காக முதுகிலும் கைப்பிடியிலும் பஞ்சை ஏற்றினால் அரங்கம் வறண்டுபோகும், பாடகரின் குரல் வாயிலிருந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். மாதிரி இருக்கைகளை, ஒன்றை மட்டும் அல்ல, ஒரு தொகுதியாக, ஒலி நெடுநேரம் எதிரொலிக்கும் சோதனை அறையில் அளந்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். பித்தளைத் தகட்டை வெறும் பசையில் ஒட்டினால் ஒருநாள் கழன்று, செல்லோ வாசிக்கும்போது கூடவே கிர்ரென்று அதிரும். இரண்டு திருகாணி போடச் சொல்.

பெயர் எத்தனை ஆண்டுக்கு என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள். நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஏவரி ஃபிஷர் அரங்கத்தின் பெயரை மாற்ற, 2014-இல் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. வாங்கிய கொடையை விட அது அதிகம். இருபது ஆண்டு என்று போடு, அதற்குமுன் இருக்கை மாறினால் பெயர் சுவர்ப் பலகைக்குப் போகும் என்றும் சேர்த்துவிடு.

பண விஷயம் சுருக்கமாக. அமெரிக்காவில் வரிவிலக்குள்ள அமைப்பு என்றால் வெளிநாட்டுக்குப் பணத்தை அப்படியே கடத்திவிடும் குழாயாக இருக்கக் கூடாது. எதற்குக் கொடுப்பது என்ற முடிவு உங்கள் குழுவின் கையில் இருக்க வேண்டும், கணக்கும் கேட்டு வாங்க வேண்டும். கொடையை மொத்தமாக அனுப்பாதே. தொடக்கத்தில் 30 சதம், பாதி வேலையில் 40, முடித்ததும் 20, குறை சரிபார்த்து ஓராண்டு ஆனபின் 10. கொடை வாக்குறுதி டாலரில், பில் வேறு நாணயத்தில் என்றால் பத்து சதமாவது தனியே ஒதுக்கி வை.

ஒப்பந்தச் சிக்கலைப் பணம் தீர்க்காது என்பதையும் உறுப்பினர்களிடம் சொல்லிவை. வெனிஸில் 1997-இல் ஒரு நிறுவனத்துக்குப் போன வேலையை, நீதிமன்றம் 1998-இல் நிறுத்தி இன்னொன்றிடம் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தை 2001-இல் நகராட்சி ரத்து செய்தது. கடைசியில் 2003 டிசம்பர் 14 அன்றுதான் இசை நடத்துனர் ரிக்கார்டோ முட்டியின் கச்சேரியோடு திறக்க முடிந்தது. இடையில் 'எங்கள் பணம் என்ன ஆயிற்று' என்று கேட்பவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு பக்கம் எழுதிப் போடு, ஒன்றும் நடக்காத காலாண்டிலும்.

திறந்த பின்னும் வேலை இருக்கிறது. 2019 நவம்பர் 12-இல் வெனிஸில் கடல் நீர் 187 சென்டிமீட்டர் மட்டம் வரை ஏறி, லா ஃபெனீச்சேயின் மின் கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்தது. உங்கள் அரங்கம் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ இருந்தால், மின் பலகை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே கேள்.

கொடைப் படிவத்தின் வரைவையும் நாற்காலியின் குறுக்குவெட்டுப் படத்தையும் அனுப்பு. பஞ்சின் கனம் மில்லிமீட்டரில் வேண்டும், 'மெத்தென்று' என்றெல்லாம் எழுதாதே.

அன்புடன்,
ராகவன்