நாயை அவிழ்த்துவிடச் சொன்ன அந்த ஒரு வரி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரை விட்டுக் கிராமப்புறம் குடிபோவதைப் பற்றிப் போன இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி, சோலார், கோழி வளர்ப்பு என்று உபயோகமான விஷயங்கள் பல இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: கிராமத்தில் நாயைக் கட்டி வைக்க வேண்டியதில்லை, அவிழ்த்துவிட்டால் தானே சுற்றிப் பழகிக்கொள்ளும் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவர் ஊருக்குப் புதுசு, தெரியாமல் எழுதியிருக்கலாம். நீங்கள் கரும்புக் காட்டு ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர். உங்கள் கண்ணைத் தாண்டி அது அச்சுக்குப் போனதுதான் எனக்கு வருத்தம்.

நாங்கள் இருப்பது டர்பனுக்கு வடக்கே, டொங்காட் ஊரிலிருந்து உள்ளே தள்ளி. வீட்டுக்குக் கீழே ஓடை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சூலுப் பாட்டி ஆடு வளர்க்கிறார். ஊரே அவரைக் கோகோ, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடும். நகரத்திலிருந்து புதிதாக நிலம் வாங்கி வந்த ஒருவருடைய பூர்பூல் என்ற பெரிய காவல் நாய்கள் ஒரு ராத்திரி அவருடைய பட்டிக்குள் புகுந்துவிட்டன. காலையில் நான் போய்ப் பார்த்தபோது ஒரு பெட்டை ஆடு இன்னும் உயிரோடு இருந்தது. பின்தொடை கிழிந்து தோல் தொங்குகிறது, எழுந்திருக்கப் பார்க்கிறது, முடியவில்லை, குட்டி பக்கத்திலேயே நின்று மடியை முட்டிக்கொண்டிருக்கிறது. நாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, இது நரி வேலை என்றார். நரி தொண்டையைப் பிடிக்கும், பிடித்ததைத் தின்னும். நாய்தான் பின்னங்காலையும் விலாவையும் கண்டபடி கடித்துப் போட்டுவிட்டு, தின்னாமல் அடுத்த ஆட்டுக்குப் போகும். ஆடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கோகோவுக்கு நஷ்ட ஈடாக ஒரு ரேண்ட்கூட வரவில்லை. சேதி காதுக்கு வந்ததும் நம் இந்திய ஆட்களே சிலர், சூலுக்காரர்களுடைய நாயாகத்தான் இருக்கும் என்று பேசினார்களே, அது எனக்கு ஆடு செத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

காட்டு உயிர்களுக்கு என்று வந்து சாட்சி சொல்ல ஆளே இல்லை. ஓடையோரக் காட்டில் நீல டைக்கர் என்ற குட்டி மான் இருக்கிறது, சூலுவில் ஐபிட்டி என்பார்கள். நாலு கிலோ, மிஞ்சினால் ஐந்து கிலோ, இந்த நாட்டிலேயே சின்ன மான் அதுதான். அழிவு அபாயத்தில் உள்ள விலங்கு என்று பட்டியலிலும் வைத்திருக்கிறார்கள். அப்புறம் கரும்பு வெட்டுக் காலம். வெட்டுவதற்கு முன் சோகையை எரிக்கிற அன்று உள்ளே இருக்கிற மான், கீரி, கரும்பு எலி எல்லாம் தீக்குப் பயந்து ஒரே பக்கமாக வெளியே ஓடி வரும். வரப்பில் நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கும். புகையிலிருந்து தப்பி வந்த டைக்கர் ஒன்றை என் கண்ணெதிரே இரண்டு நாய்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தன. இரண்டின் கழுத்திலும் நல்ல தோல் பட்டை, பெயர்த் தகடு. தெருநாய் என்று யாரும் சொல்ல முடியாது. மாகாணத்தின் உள்பகுதியான மிட்லாண்ட்ஸ் பக்கம் பந்தயம் கட்டி நாய் விட்டு ஒரிபி மானை வேட்டையாடுகிறார்கள் என்றால் நாம் எல்லோரும் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டு நாய் ராத்திரி எங்கே போய்விட்டு வருகிறது என்று நாம் கேட்பதில்லை.

வெறிநோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 1976இல் வந்தது இன்னும் முழுசாக ஒழியவில்லை. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அதிலிருந்து 30 நாள் கழித்து, ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது, பிறகு விடாமல் தொடர்ந்து போட வேண்டும். இது சட்டம். அரசு கால்நடைத் துறை முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறது. ஆனால் அவிழ்த்துவிட்ட நாயை முகாம் அன்று எங்கே போய்ப் பிடிப்பது? கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நோய் வெளியே தெரிந்துவிட்டால் ஆள் பிழைப்பதில்லை என்று ஒரு கடிதம் எழுதியிருந்தேன். நீங்கள் ஒரு பாதியைப் போட்டீர்கள், கழுவச் சொன்ன பாதியை வெட்டிவிட்டீர்கள். அதற்குப் பக்கத்திலேயே நாய்க் கண்காட்சிக்கு இரண்டு பக்கம், கலர் படத்தோடு. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருட்டு பயம், அதனால்தான் நாய் என்பார்கள். பயம் எனக்கும் உண்டு, எங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது. ஆனால் வேலிக்குள் இருக்கிற நாய்தானே காவல்? திருடன் வருகிற நேரத்தில் அது ஓடைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப் பட்டியில் இருந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும் பாவம், அதையும் நான் சொல்லவில்லை. ஒழுங்கான வேலி, அதற்கடியில் தோண்டிக்கொண்டு போகாதபடி கல் அல்லது கம்பி வலை, சாயங்காலம் கயிற்றோடு ஒரு நடை. எங்கள் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாட்களின் பாரக் குடியிருப்பை விட்டு வந்து காய்கறி போட்ட நாளிலேயே ராத்திரி நாயைத் தோட்டத்து வேலிக்குள் அடைத்துத்தான் படுப்பார். கையில் காசில்லாதவர் செய்ததை, நிலம் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் செய்ய முடியாதா?

கதவை யாரோ திறந்து போட்டுவிட்டார்கள், நாய் போய்விட்டது, நான் என்ன செய்ய என்றும் சொல்ல முடியாது. ஜார்ஜ் நகரில் தெருவில் நடந்துபோன ஒரு தோட்டக்காரர் மூன்று நாய்களிடம் மாட்டி ஒரு கையையே இழந்தார். கேட்டை வேறு யாரோ திறந்துவிட்டார்கள் என்று நாய்க்காரர் வாதாடினார். புளூம்ஃபொண்டேன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதை ஏற்கவில்லை, பொறுப்பு சொந்தக்காரருடையதுதான் என்று தீர்த்துவிட்டது. இதையும் அந்தக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். குடிபோகிறவர்களுக்கு சோலாரைவிட இது முக்கியம்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: நாய் வேலிக்குள் இருக்கட்டும், ஊசி போடுங்கள், ராத்திரி அவிழ்த்துவிடாதீர்கள், கரும்பு எரிக்கிற அன்று கட்டாயம் உள்ளே பூட்டுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை முழுசாக விட்டுவிடுங்கள், அந்த நாலு வரியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
டொங்காட் வாசகர்