ஜா அவர்கள் பூங்காவுக்கு வரவில்லை

மயூர் விஹார், தில்லி
தை மாதக் கடைசி

அன்புள்ள வைத்தி,

உன் கடிதம் ஆடியில் வந்தது. இப்போது தை முடியப் போகிறது. விரல் விறைத்துப்போனதால் எழுதவில்லை என்று குளிரின்மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் ஆடியில் தில்லியில் விரல் விறைக்காது என்பது உனக்குத் தெரியும். ஆகவே சோம்பேறித்தனம் என்றே வைத்துக்கொள். கமலாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. என் சட்டைகளில் இருக்கும் காப்பிக் கறையெல்லாம் இப்போது அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மீனா வழக்கம்போல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு, மிச்சமிருக்கும் வாதங்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். உன் பேரனுக்கு என் ஆசிகள். புளியோதரை விஷயத்தில் அவன் தாத்தாவைப் போல் ஆகாமல் இருக்கட்டும்.

செய்திகள் இவ்வளவுதான். எழுத உட்கார்ந்த காரணம் வேறு. மார்கழியில் நான் ஒரு மனிதரை அவமதித்துவிட்டேன். அதை அவமதிப்பென்று ஒப்புக்கொள்ளாமல், என் பேச்சுரிமை என்று சில நாள் வீட்டில் வாதாடிக்கொண்டும் இருந்தேன். இந்த இரண்டாவது குற்றத்தை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நீதான் விடுதியின் எட்டாம் எண் அறையில் என்னோடு மூன்று வருடம் இருந்தவன்.

சஞ்சய் ஏரிப் பூங்காவில் காலையில் கூடும் எங்கள் ஐவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்: பஞ்சாபிக் கர்னல், வங்காளிப் பேராசிரியர், கண்ணூர் நம்பியார், பிஹாரின் தர்பங்காவிலிருந்து வந்து இங்கே கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஜா, பிறகு நான். ஒன்பது வருடமாக நடையைவிடப் பேச்சே அதிகம். அன்று பூங்கா வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பனிமூட்டத்துக்குள் எதிர்த்திசையில் வந்த ஒரு ஸ்கூட்டர்க்காரன் கர்னலின் காலில் ஏற்றாத குறையாகப் போனான். நான் "பக்கா பிஹாரி" என்றேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் பானிப்பட்டுக்காரனாகவும் இருக்கலாம், பாளையங்கோட்டைக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் தில்லியில் அந்தச் சொல்லுக்கு ஊரைக் குறிக்கும் பொருள் எப்போதோ தேய்ந்துவிட்டது. நாகரிகம் தெரியாதவன், கூலி வேலைக்கு வந்தவன், இங்கே இருக்கத் தகாதவன் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட அது பயன்படுகிறது. கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். ஜாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு நான் என் தரப்புச் சாட்சியாக நிறுத்தினேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பனி, முழங்கால் என்று நாங்களே காரணங்களைக் கற்பித்துக்கொண்டோம். பத்தாம் நாள் நம்பியார்தான், பேச்சோடு பேச்சாகச் சொல்வதுபோல், "நீங்கள் அன்று அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். ஒரு வார்த்தையைத் தராசில் நிறுத்துப் பேச வேண்டுமென்றால் நண்பர்கள் எதற்கு, இந்த நாட்டில் பேச்சுரிமை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் கேட்டேன்.

மீனா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்பா, உங்களை யாராவது கைது செய்தார்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"பிறகு எதற்கு அரசியல் சட்டத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு இழுக்கிறீர்கள்?"

விடுவேனா? அவளுடைய புத்தகத்தையே எடுத்துப் பேச்சுரிமையைச் சொல்லும் பத்தொன்பதாம் பிரிவைப் புரட்டினேன். புரட்டியதில் எனக்கு ஒரு பெருமை கிடைத்தது; அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950இல் அன்றைய சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. தில்லி நிர்வாகமோ 'ஆர்கனைசர்' என்ற வலதுசாரி இதழை முன்தணிக்கை செய்துதான் அச்சிட வேண்டும் என்றது. அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு உத்தரவுகளையும் தள்ளிவிட்டது. நான் பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த ஊரும் ஒன்றாகக் குட்டு வாங்கியிருக்கின்றன. மறு ஆண்டே முதலாவது திருத்தம் வந்து, பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைப் பேச்சுக்கான வேலியில் சேர்த்தது. அந்த வேலி நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் உள்ளே வந்தது. பின்பு திராவிட நாடு கோரிக்கையின் சூட்டில் 1963இல் பதினாறாவது திருத்தம் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. நம் ஊர்க்காரன் கை வைக்காமல் இந்த நாட்டில் பேச்சுக்கு எல்லைகூடப் போட முடியவில்லை என்று மீனாவிடம் மார்தட்டினேன். மனம் நோகப் பேசுவது என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினேன்.

"பட்டியலில் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன, அப்பா," என்றாள் அவள். "எட்டும் அரசாங்கம் உங்கள் வாயை எப்போது மூடலாம் என்பதற்கு. ஜா அங்கிள் உங்களோடு உட்கார்ந்து டீ குடித்தாக வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1979இல் இந்த ஊருக்கு வந்த புதிதில், பேருந்து நடத்துநர் முதல் வீட்டுக்காரர் வரை என்னை 'மதராசி' என்று கூப்பிட்டதைப் பற்றி உனக்குப் பதினான்கு பக்கம் எழுதினேன், நினைவிருக்கிறதா? 'நான் மதராசி அல்ல, லால்குடிக்காரன்' என்று நான் எழுதியதை நம் விடுதித் தோழன் கோடரி விடுதி முழுவதும் வாசித்துக் காட்டி என் மானத்தை வாங்கினானே, அதே கடிதம்தான். கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அப்படித்தான் கூப்பிட்டார். நானும் சிரித்தேன். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவனைத் தனியாக நிறுத்தும் சொல் விழும்போது, அந்த ஒருவன் கோபித்தால் தொட்டாற்சிணுங்கி, பேசாமலிருந்தால் உம்மணாமூஞ்சி. சிரித்துவிடுவது ஒன்றுதான் அவனுக்குத் திறந்திருக்கும் வழி. இது எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரியும். தெரிந்திருந்தும் ஜாவின் சிரிப்பைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இதைச் சிறு விஷயம் என்று தள்ளவும் இந்த ஊர் விடுவதில்லை. 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேசத்து மாணவன் ஒருவனின் முடியைக் கடைக்காரர்கள் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில், அவன் அடிபட்டு இறந்தே போனான். அதற்குப் பிறகுதான் வடகிழக்கு மாநிலத்தவர் சந்திக்கும் பிரச்சினைகளை ஆராய அரசாங்கம் ஒரு குழுவே அமைத்தது. தொடக்கத்தில் அதுவும் யாரோ நாலு பேர் சிரித்த பேச்சுத்தான்.

நீ இப்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருப்பாய். "அப்படியானால் வாயைத் தைத்துக்கொள்வதா?" என்று கேட்பாய். இல்லை, அந்தப் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார்; அவர் தயாரித்த ஒரு கணக்கில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் கூட்டத்தில் எழுந்து, "சார், இது தப்பு" என்றான். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, "பெரியவர்களிடம் பேசும் முறையா இது?" என்றார். நாங்கள் பன்னிரண்டு பேர், பூஜ்யம் கண்ணுக்குத் தெரிந்தும், மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பு மூன்று மாதம் சுற்றிவிட்டு அதே பூஜ்யத்துக்காகத் திரும்பி வந்தது. மரியாதை என்ற பெயரில் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நடப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். மேலே இருப்பவருக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகக் கீழே இருப்பவன் விழுங்குவது. ஆகவே மரியாதை என்று யாராவது உரக்கச் சொன்னால் எனக்கு இன்றும் சந்தேகம் வருகிறது. அந்தப் பையன் சொன்னது உறைத்தது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல முடியும். கணக்கைத் திறந்து காட்டினால் போதும். நான் ஜாவின் முன்னால் சொன்னதற்கு அவர் எதைத் திறந்து காட்டுவார்? ஒரு மனிதர் செய்ததைப் பற்றி எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் அவருக்கு வாதாட இடம் இருக்கிறது. அவர் பிறந்த ஊரையே வசைச்சொல்லாக்கிவிட்டால் அந்த இடத்தை நாம் மூடிவிடுகிறோம். இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுரிமை என்பது, என் வாக்கியம் முடிந்த பிறகும் எதிரில் இருப்பவருக்கு வாய் இருக்கிறதா என்பதில்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டப் புத்தகத்தில் இது இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பதினாறாம் நாள் ஜாவின் வீட்டுக்குப் போனேன். கமலா கொடுத்தனுப்பிய தட்டையை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி நெய்யில் வறுத்த மக்கானா என்ற அல்லி விதைப் பொரியும் டீயும் கொண்டுவந்து வைத்தார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த மன்னிப்பு நீளமானது. அதில் லால்குடியும் வந்தது, மதராசியும் வந்தது. அவர் இடையிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்தச் சொல்லை நான் நாற்பது வருடமாகக் கேட்கிறேன், உங்களிடமிருந்து கேட்டது புதிதாக இருந்தது, அவ்வளவுதான்," என்றார். பிறகு, கரும்பலகையில் அடுத்த கணக்கை எழுதுபவர் போல அமைதியாக, "ஆனால் நான் வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை. ஒன்பது வருடமாக நீங்கள் தமிழின் பழமையைப் பற்றிச் சொல்கிறீர்கள், நாங்கள் கேட்கிறோம். என் தாய்மொழி எது என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?" என்றார்.

"இந்தி" என்றேன், வைத்தி. இந்தி என்று சொன்னேன்! இந்தித் திணிப்பைப் பற்றிக் கர்னலோடு ஒன்பது வருடமாக மல்லுக்கட்டும் நான் சொன்னேன்.

அவருடைய மொழி மைதிலி. அதற்குத் திர்ஹுதா என்று தனி எழுத்தே இருந்திருக்கிறது. நூற்றாண்டுகள் பழைய கவிதை மரபு இருக்கிறது. அரசியல் சட்டத்தில் மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் அது இடம்பெற 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் "ஒரு நிமிஷம்" என்று குறுக்கே புகுந்து சங்க காலத்துக்குப் போய்விடுவேனாம். பேராசிரியர் இதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறாராம். அதை இங்கே எழுத மாட்டேன். நீ கோடரியிடம் சொல்லிவிடுவாய். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் வேறொரு குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவர் சொன்னது அத்தனையும் நான் செய்ததைப் பற்றியது. பதில் சொல்ல எனக்கு இடம் இருந்தது. சொல்லத்தான் ஒன்றும் இல்லை.

மக்கானா தீர்ந்த பிறகு மைதிலியைப் பற்றிக் கேட்டேன், நிஜமாகவே கேட்டேன். எதிரில் இருப்பவரைச் சுட்ட அதில் 'தோங்', 'அஹாங்', 'அப்னே' என்று படிப்படியாக மரியாதை ஏறுகிறது. நமக்குத்தான் நீ, நீர், நீங்கள் எல்லாம் உண்டே என்று நினைத்தேன். இம்முறை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். நல்லவேளை. 'பார்த்தேன்' என்று சொல்லும்போதே, பார்க்கப்பட்டவர் மரியாதைக்குரியவரா இல்லையா என்பது அவர்களுக்கு வினைச்சொல்லின் வாலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் வினைமுற்றில் பார்த்தவனுக்குத்தான் இடம், பார்க்கப்பட்டவருக்கு இல்லை. இலக்கணத்தில் இப்படி ஒரு மொழியிடம் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்?

இதையெல்லாம் எழுதும்போது நம் நண்பன் ராமசுப்புவின் நினைவு வராமல் இல்லை. அவன் தங்கை கல்யாணப் பந்தியில் நீ சொன்ன அந்த வாக்கியத்தை நகைச்சுவை என்றே இத்தனை காலம் நானும் உனக்காகப் பரிந்து பேசிவந்தேன். அவனும் அன்று சிரித்தான். பிறகு பதினோரு வருடமாக உன் தெருவுக்கு வரவில்லை. நீ தப்பு செய்தாய் என்று தீர்ப்பெழுத எனக்கு யோக்கியதை இல்லை; அன்று பக்கத்து இலையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். பங்குனி மூன்றாம் வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, அங்கிருந்து திருச்சிக்கு வருகிறேன். நான் அவனைப் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். நீயும் வருவதானால் சொல். வரவில்லையென்றாலும் சொல், ஆனால் ஆடி வரை காக்க வைக்காதே.

ஜா போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பூங்காவுக்கு வருகிறார். கர்னல் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வந்த அன்று டீக்குக் காசு கொடுத்தார், அது அவர் வழக்கமே இல்லை. நேற்று நான் இரண்டு முறை "ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து, இரண்டு முறையும் பேராசிரியரின் மீசை துடித்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஒருமுறை உண்மையிலேயே நல்ல விஷயம் வைத்திருந்தேன்.

கமலா உன் வீட்டில் அனைவரையும் விசாரிக்கச் சொன்னாள். முழங்கால் தைலம் பார்சலில் வருகிறது. அதைத் தலையில் தேய்த்துக்கொள்ளாதே.

உன்
சந்தானம்