சிகாகோ கல்வி வாரியத்துக்கு: பிரின்சிபால்களைப் பலிகொடுக்காதீர்கள்

வாரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் 2024இல் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள், அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை நடத்துகிற கறுப்பின பிரின்சிபால்களை, மார்க் குறைந்தால் முதல் ஆளாகத் தூக்குவதை நிறுத்துங்கள்.

அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு காலை போய்ப் பாருங்கள். நான் தன்னார்வலராகப் போய்வரும் பள்ளியின் பிரின்சிபால் அம்மா ஜனவரிக் குளிரிலும் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி உள்ளே அழைப்பார். யாருக்கு ஜாக்கெட் இல்லை, யார் நேற்றைய சட்டையோடு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே அவர் கண்ணில் பட்டுவிடும். ஆபீஸ் அறைக்குப் பின்னால் ஒரு வாஷிங் மெஷின் இருக்கிறது. பையனின் துணி அதில் ஓடிக்கொண்டிருக்கும், அவன் மாற்றுச் சட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், வகுப்பில் யாருக்கும் தெரியாது. அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும்: கணக்கில் மார்க் ஏன் ஏறவில்லை?

2013இல் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கத் தொடங்கினார்கள். வாடகை தாங்காமல் குடும்பங்கள் வேறு இடம் போனால் பள்ளியின் பணமும் கூடவே போனது; நூலகரை நிறுத்துவதா, இசை ஆசிரியரை நிறுத்துவதா என்ற பாவம் பிரின்சிபால் தலையில் விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட வாரியம் ஓட்டுப் போட்டது. இடம்பெயர்ந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். முடிவெடுத்தவர்கள் நகர மையத்தில் இருந்தார்கள், அழுகிற பெற்றோருக்குப் பதில் சொன்னவர்களோ தங்கள் வேலையே போகும் நிலையில் இருந்த பிரின்சிபால்கள்.

இது புதிதும் இல்லை. 1954இல், பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்ற பிரவுன் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு தென் மாநிலங்களில் பள்ளிகளை ஒன்றாக்கியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள்தான், ஊரே மதித்த பிரின்சிபால்கள் வேலையை இழந்தார்கள் அல்லது பதவி இறக்கப்பட்டார்கள். ஒபாமா காலத்தில் பின்தங்கிய பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு கூடுதல் பணம் தந்தபோது வைத்த நான்கு வழிகளில் இரண்டு, பிரின்சிபாலை மாற்றச் சொன்னவை. ஆள் மாறினால் அந்தத் தெருவில் வறுமை மாறிவிடுமா?

பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கிற உள்ளூர்ப் பள்ளிக் குழு பிரின்சிபாலுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் கொடுத்தால் அதை முழுசாக நடத்த விடுங்கள். தலைக்கு இவ்வளவு என்கிற முறையைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். ஆலோசகரும் நர்ஸும் தினமும் பள்ளியில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தாலும் சரி. அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் இந்த பிரின்சிபால்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். கூட்டத்தை மாலையில் வையுங்கள், பகலில் அவர்களால் பள்ளியை விட்டு வர முடியாது.