மண்டைக்குள்ள என்ன வச்சாங்கன்னு எழுதிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முக நரம்பு வலி பத்தி வந்த கட்டுரைய எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பல்லு தேய்ச்சாலே, மூஞ்சில காத்து பட்டாலே கரண்ட் ஷாக் மாதிரி வெட்டும்னு போட்டிருந்தீங்க, அப்படியே எங்கம்மா கததான். சொத்தப்பல்லுன்னு நெனச்சு ரெண்டு கடவாப்பல்ல புடுங்கியும் வலி போகல. பஸ்ல ஜன்னல் பக்கம் உக்கார மாட்டாங்க, முந்தானையால இடது கன்னத்த பொத்திக்கிட்டே வருவாங்க, ரசஞ்சோத்த கொழையப் பெசஞ்சு வலது பக்கமாவே முழுங்குவாங்க. கார்பமாஸெபின் மாத்திரை கொஞ்ச வருஷம் கேட்டுச்சு, அப்புறம் டோஸ் ஏத்த ஏத்த தலசுத்தல், ரத்தத்துல சோடியம் வேற கொறஞ்சு போச்சு.

2016ல ஆபரேஷன். காதுக்குப் பின்னாடி ஓட்டை போட்டு, மூளைலேர்ந்து மூஞ்சிக்கு வர்ற அஞ்சாவது நரம்ப அமுக்கிக்கிட்டிருந்த ரத்தக்குழாய நகத்தி, நடுவுல பஞ்சு மாதிரி டெஃப்லான் வச்சாங்க. நான்ஸ்டிக் தவால பூசுற அதே டெஃப்லான்தான். அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜனெட்டா 1960கள்ல கொண்டு வந்த முறை இது, நெறய பேருக்கு வலி நின்னுடுது, எங்கம்மாவும் ஆறு வருஷம் நிம்மதியா இருந்தாங்க.

அப்புறம் அதே வலி திரும்பி வந்துச்சு. எம்ஆர்ஐ பாத்துட்டு கட்டி தெரியுது, ட்யூமரா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஒரு வாரம் வீட்ல யாருக்கும் சோறு எறங்கல. தம்பிதான் பீரோல ரேஷன் கார்டுக்கு அடியில கெடந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்தான், நாலா மடிச்சு மடிப்பெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு, அதுல ஒரே ஒரு வரி, டெஃப்லான் வச்சிருக்குன்னு இங்கிலீஷ்ல. அதப் பாத்ததும் பெரிய டாக்டர் சொன்னாரு, இது டெஃப்லான் கிரானுலோமாவா இருக்கலாம்மா, உள்ள வச்ச பொருள உடம்பு ஏத்துக்காம அதச் சுத்தி சதை வளத்துடும், சில பேருக்கு சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகி அதுவே நரம்ப அமுக்கும், அபூர்வமாத்தான் வரும்னாரு. ரெண்டாவது ஆபரேஷன்ல எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினோம், கேன்சர் இல்ல. இப்ப வலி இல்ல, கன்னந்தான் மரத்த மாதிரி இருக்கு.

ஆபரேஷன் பண்ணிக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு கையில கார்டு குடுக்குறாங்கல்ல, அது மாதிரி மண்டைக்குள்ள என்ன, எந்தப் பக்கம், எந்த தேதில வச்சாங்கன்னு தமிழ்ல ஒரு சீட்டு எழுதிக் குடுக்க முடியாதா? அந்தக் காகிதத்த கரையான் அரிச்சிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்? உங்க கட்டுரைல 'நரம்பை விடுவித்துவிடுவார்கள்'னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, எத வச்சு விடுவிக்கிறாங்கன்னும் அடுத்த தடவ தயவுசெஞ்சு எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி