கெல்லிஸ் பாண்டுக்குப் போகும் முன்

அன்புள்ள சேகர்,

ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தாயிற்று, பெரியவளுக்கும் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் குளிர் வந்தால் மூட்டுவலி.

மார்ச்சில் பிள்ளைகளோடு சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில், கெல்லிஸ் பாண்ட் என்ற கூடாரமடிக்கும் இடத்தில், இரண்டு ராத்திரி தங்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல இடம்தான். நியூ வேவர்லியிலிருந்து 1375 சாலையில் மேற்கே போக வேண்டும். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது. அதே சாலையில் வன அலுவலகம் இருக்கிறது. நெருப்பு மூட்டத் தடை உண்டா, அந்த வாரம் எந்தப் பக்கம் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்று முதலில் அவர்களைக் கேள். பைன் காட்டில் அடிப்புதர் மண்டாமலிருக்க அவர்களே அவ்வப்போது எரிப்பார்கள். காற்று திரும்பினால் புகை முழுக்க உன் கூடாரத்துக்குத்தான் வரும். நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் கணக்கே வேறு. மான் வேட்டைக் காலத்தில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் தங்கலாம், நடக்கப் போனால் ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும்.

கரடி வருமா என்று கேட்டிருக்கிறாய். கரடியை விடு, உண்ணியைக் கவனி. அங்கே அதிகம் இருப்பது லோன் ஸ்டார் உண்ணி. வளர்ந்த பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது கடித்த சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் தடிப்பும் வயிற்றுவலியும் வரும், சிலருக்கு மூச்சுத் திணறலும் உண்டு. மத்தியானம் சாப்பிட்ட மட்டன் குழம்புக்கும் ராத்திரி வரும் தடிப்புக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? கோழி, மீனால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே எல்லோருடைய பேன்ட், சாக்ஸ், ஷூவிலும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து வெளியே காயப்போடு. உடம்பில் படக்கூடாது, ஈரமாக இருக்கும்போது பூனை கிட்டே வரக்கூடாது. பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகு. சாயங்காலம் பிள்ளைகளின் அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், காதுமடல் எல்லாம் பார். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் வைப்பது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழு.

மூன்று மூன்று இலையாக மரத்தில் ஏறும் கொடிதான் பாய்சன் ஐவி. அதன் பாலும் நம்மூர்ச் சேராங்கொட்டைப் பாலும் ஒரே குடும்பம், அதே அரிப்பு, அதே கொப்புளம். மார்ச்சில் இலை முழுக்க விட்டிருக்காது. மயிர் மயிராக வேர் விட்டு மரத்தோடு ஒட்டியிருக்கும் தண்டைக் கண்டாலே விலகு. அந்தக் கொடி சுற்றிய கட்டையை நெருப்பில் போடவே கூடாது. புகை நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பாத்திரம் கழுவ இன்னும் ஒரு கேன் வைத்துக்கொள். ஓடைத் தண்ணீரை எடுத்தே ஆக வேண்டுமென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் முழுக்கக் கொதிக்க விடு.

கூடாரத்தை ஓடைக்கரைப் பள்ளத்தில் போடாதே. அடிமரத்தில் சேறும் சருகும் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் வெள்ளம் எதுவரை வரும் என்று தெரிந்துவிடும். தலைக்கு மேலே பட்ட கிளை தொங்குகிறதா, காலடியில் செவ்வெறும்புப் புற்று இருக்கிறதா என்றும் பார். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட ஒரு சாண் சிறியதாகவே இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் அதில் விழுந்து உங்கள் படுக்கைக்கு அடியில் குளம் கட்டும். குளிருகிறது என்று காற்றுத் திறப்பை மூடாதே. மூச்சின் ஈரமே விடியற்காலையில் சொட்டும்.

அங்கே விறகு எப்போதும் ஈரந்தான். பழைய பைன் அடிக்கட்டையின் நடுவில் செம்மஞ்சளாக, டர்பன்டைன் வாசனையோடு கனமாக ஒரு பகுதி இருக்கும். அதைக் கத்தியால் மெல்லிய சுருளாகச் சீவி, ஒரு பிடி சேர்த்து வைத்தால் மழையிலும் பிடிக்கும். கரும்புகை வருமாதலால் நன்றாக எரியத் தொடங்கியபின் பாத்திரத்தை ஏற்று. வீட்டிலிருக்கும் பியூட்டேன் டப்பா அடுப்பும் போதும், ஆனால் வெப்பம் 0 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வாயு எழாது. டப்பாவைப் படுக்கைக்குள் வைத்திருந்து காலையில் எடு.

முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் சமையலே வேண்டாம். ராத்திரி மிச்சம் மீதி, குப்பை எல்லாம் காருக்குள் போகட்டும். ரக்கூன் ஐஸ்பெட்டியைத் திறக்கத் தெரிந்த பிராணி. கழிவறையை நம்பாதே, மலம் கழிக்கக் குழி தோண்டச் சிறு கைக்கொத்து எடுத்துப் போ. குழி 6 முதல் 8 அங்குல ஆழம், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி.

தேதி முடிவானதும் எழுது. என்னிடம் இரண்டு படுக்கை விரிப்புகள் சும்மா கிடக்கின்றன, வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
குமார்